தொழிலக நலவாழ்வுத் திட்டங்களும் மூச்சுப் பயிற்சியும்

தொழிலக நலவாழ்வுத் திட்டம் என்பது, ஒரு நிறுவனம் தன்னிடம் பணியாற்றுவோரின் உடல் நலத்தையும் உள நலத்தையும் பேணும் நோக்குடன் பணியிடத்தில் நடத்தும் ஒழுங்கமைந்த செயற்பாடுகளின் தொகுப்பு ஆகும். மருத்துவப் பரிசோதனை, உளவள ஆலோசனை, உடற்பயிற்சி, யோகாசனம், மூச்சுப் பயிற்சி, புகை மற்றும் மதுப் பழக்கத்திலிருந்து விடுபட உதவுதல் முதலியன இதில் அடங்கும். கருவியோ பெருஞ்செலவோ தனி இடமோ தேவைப்படாத காரணத்தால், இவற்றுள் மூச்சுப் பயிற்சி பரவலாகக் கையாளப்படுகிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் வழித்தடத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்திட்டங்களின் பயன்களையும் எல்லைகளையும் விளக்குகிறது. மெதுவான மூச்சுப் பயிற்சி மன அழுத்தத்தை ஓரளவு குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. எனினும் உறக்கம், உணவு, வெப்பம், ஓய்வு, குறைகளைச் சொல்லும் வாய்ப்பு ஆகிய பணிச்சூழல் காரணிகளுக்கு அது மாற்றாகாது.

வரலாறு

தொழிலாளர் நலம் குறித்த கோரிக்கை தமிழகத்திற்குப் புதியதன்று. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தனர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் அப்போது முன்வைத்த குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பதாகும். நலவாழ்வு என்ற சொல் புழக்கத்திற்கு வருவதற்கு முன்பே, ஓய்வு நேரம் தொழிலாளரின் அடிப்படைத் தேவையாக உணரப்பட்டிருந்ததை இது காட்டுகிறது.

பணியிடத்தில் கூட்டாக உடற்பயிற்சி செய்யும் வழக்கம் ஜப்பானில் வேரூன்றியது. அங்கு 1928-ஆம் ஆண்டு தொடங்கிய வானொலி உடற்பயிற்சி ஒலிபரப்பு, பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் நாளின் முதல் நிகழ்வாக இடம்பெற்றது.

மூச்சுப் பயிற்சி தமிழ் மரபில் நன்கு அறியப்பட்டதே. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைக் கூறுகிறது. அதன் எட்டு உறுப்புகளுள் பிராணாயாமமும் ஒன்று. மூச்சை உள்ளிழுத்தல் பூரகம் என்றும், உள்ளே நிறுத்தல் கும்பகம் என்றும், வெளிவிடல் இரேசகம் என்றும் வழங்கப்படும். இம்மரபை ஆய்வுக்கூடச் சோதனைக்கு உட்படுத்தும் முயற்சிக்குச் சுவாமி குவலயானந்தர் 1924-இல் லோணாவ்லாவில் நிறுவிய கைவல்யதாமம் முன்னோடியாகும். ஒரகடத்திற்குக் கிழக்கே உள்ள கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிசி உருவாக்கிய எளியமுறை உடற்பயிற்சியிலும் மூச்சுப் பயிற்சி ஒரு பகுதியாக உள்ளது.

இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அலுவலகப் பணியாளருக்காக ஐந்து நிமிட யோகா இடைவேளையை வகுத்து, அதற்கான கைப்பேசிச் செயலியை 2021 செப்டம்பர் 1 அன்று வெளியிட்டது. இதில் எளிய ஆசனங்களும் பிராணாயாமமும் தியானமும் இடம்பெறுகின்றன.

திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் வழித்தடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்), சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. வைணவ ஆசாரியர் இராமானுசர் பிறந்த ஊரான இது, 1990-களின் இறுதியிலிருந்து தொழில் மையமாக வளர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா கைப்பேசி ஆலை 2006 முதல் 2014 நவம்பர் 1 வரை இயங்கியது. சாம்சங் ஆலை 2007-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கூட்டு ஆலை 2010-இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும், ராயல் என்பீல்டு ஆலை 2013-இலும் செயற்படத் தொடங்கின. சுங்குவார்சத்திரம் அருகே பாக்ஸ்கான் நிறுவனம் ஐபோன்களைப் பொருத்தி வருகிறது.

இவ்வழித்தடத்தின் தொழிலாளருள் நிரந்தரப் பணியாளர், பயிலுநர், ஒப்பந்தத் தொழிலாளர் எனப் பல பிரிவினர் உள்ளனர். மின்னணுப் பொருள் ஆலைகளில் இளம் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் பணியாற்றுகின்றனர். பலர் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து நிறுவனப் பேருந்துகளில் வருகின்றனர். வேறு பலர் விடுதிகளில் தங்குகின்றனர்.

பணி அழுத்தத்தின் காரணங்கள்

தொழிலாளர் வழக்கில் 'லைன்' எனப்படும் பொருத்து வரிசையில் வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது மனிதர் அல்லர், இயந்திரமே. ஒரே செயலைக் குறித்த நொடிகளுக்குள் மீண்டும் மீண்டும் செய்தல் வேண்டும். தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குச் செல்லவோ அகல வேண்டுமெனில், அவ்விடத்தில் நிற்க மாற்று ஆள் தேவை.

அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் கராசெக் 1979-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, வேலையின் சுமை மிகுந்தும், அவ்வேலையின் மீது பணியாளருக்குள்ள கட்டுப்பாடு குறைந்தும் இருக்கும் நிலையே கடும் அழுத்தத்தைத் தருகிறது. சுமை மட்டும் மிகுந்திருப்பது அவ்வளவு தீங்கு விளைவிப்பதில்லை. பிரித்தானிய அரசு ஊழியர் 10,308 பேரைக் கொண்டு 1985-இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, தம் வேலையின் மீது குறைந்த கட்டுப்பாடு உடையோருக்கு இதய நோய் மிகுதியாக ஏற்படுவதைக் கண்டறிந்தது.

முறை மாறி வரும் இரவுப் பணி மற்றொரு காரணமாகும். உடலின் 24 மணி நேர ஒழுங்கு ஒளியைச் சார்ந்தது. வாரந்தோறும் பணிமுறை மாறும்போது அவ்வொழுங்கு நிலைபெறுவதற்குள் கலைந்துவிடுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2019-இல் இரவுப் பணியை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் காரணிகளின் பிரிவில் மீண்டும் உறுதிப்படுத்தியது.

பயண நேரத்தையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். எடுத்துக்காட்டாக, எட்டு மணி நேரப் பணியும் அரை மணி நேர உணவு இடைவேளையும் உடைய ஒருவர், போக ஒன்றரை மணி நேரமும் வர ஒன்றரை மணி நேரமும் பேருந்தில் கழித்தால், மொத்தம் பதினொன்றரை மணி நேரம் வீட்டிற்கு வெளியே இருக்கிறார். எஞ்சிய பன்னிரண்டரை மணி நேரத்திற்குள் சமையல், குளியல், குழந்தை வளர்ப்பு, உறக்கம் அனைத்தும் முடிய வேண்டும்.

மூச்சுப் பயிற்சி செயற்படும் முறை

இதயத்துடிப்பு, செரிமானம் போன்றவை நம் விருப்பத்திற்கு நேரடியாகக் கட்டுப்படுவதில்லை. மூச்சு இதற்கு விலக்காகும். மூளைத் தண்டு அதைத் தானாக இயக்குகிறது. எனினும் நாம் விரும்பினால் அதன் வேகத்தை மாற்ற இயலும். ஆகவே, தானியங்கு நரம்பு மண்டலத்தை மாற்றியமைக்க மூச்சு ஒரு வாயிலாகப் பயன்படுகிறது.

தானியங்கு நரம்பு மண்டலம் இரு பிரிவுகளை உடையது. பரிவு நரம்புகள் உடலைப் பரபரப்புக்கு ஆயத்தப்படுத்துகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுவருகின்றன. இவற்றுள் முதன்மையானது வேகஸ் நரம்பு. மூச்சை உள்ளிழுக்கும்போது வேகஸ் நரம்பின் தாக்கம் குறைந்து இதயத்துடிப்பு சற்று விரைவடைகிறது. வெளிவிடும்போது அத்தாக்கம் மிகுந்து துடிப்பு தணிகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் பலர் இவ்வேறுபாட்டைத் தாமே உணரலாம்.

ஓய்வு நிலையில் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இதை ஆறு முறையாகக் குறைத்தால் ஒரு மூச்சு பத்து நொடிகள் நீடிக்கும். குருதி அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் பின்னூட்ட அமைப்பும் ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒருமுறை அலைவுறும் இயல்புடையது. ஊஞ்சல் ஆடும் கால அளவிற்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையிலும் அது உயர்ந்து ஆடுவதைப் போல, இவ்விரண்டும் பொருந்தும்போது இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், செபமாலை செபமும் யோக மந்திரமும் ஓதுவோரின் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்ததும், குருதி அழுத்தச் சீரமைப்பின் உணர்திறன் கூடியதும் பதிவாயின. இரு வேறு சமய மரபுகள் ஒரே மூச்சு வேகத்தை எட்டியிருப்பது குறிப்பிடத்தக்கது.

ஆழ்ந்து மூச்சிழுத்தால் குருதியில் ஆக்சிஜன் பெருகும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பிழையானது. நலமுடைய ஒருவரின் தமனிக் குருதியில் ஆக்சிஜன் செறிவு இயல்பாகவே 95 விழுக்காட்டிற்கு மேல் இருக்கும். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கித் தலைச்சுற்றலும் விரல்களில் மரமரப்பும் உண்டாகும். எனவே பயன் கிடைப்பது மெதுவாக மூச்சு விடுவதால்தான். மிகுதியாக இழுப்பதால் அன்று.

ஆய்வு முடிவுகள்

மூச்சுப் பயிற்சி பற்றியவை

2023-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 785 பேர் பங்கேற்ற 12 சமவாய்ப்புச் சோதனைகளை ஒன்றுதிரட்டி, மூச்சுப் பயிற்சி மன அழுத்தத்தைச் சிறிது முதல் நடுத்தர அளவு வரை குறைக்கிறது எனக் கண்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழுவினர், நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யப்பட்ட பயிற்சிகளை ஒப்பிட்டனர். நீண்ட வெளிமூச்சை மையமாகக் கொண்ட பயிற்சி, தியானத்தைக் காட்டிலும் மனநிலையை மேம்படுத்தியது.

இதற்கு மாறான முடிவும் உண்டு. 400 பேர் பங்கேற்ற மற்றொரு சோதனையில், ஒரு பிரிவினர் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்தரை முறையும், மற்றொரு பிரிவினர் இயல்பு வேகத்தில் 12 முறையும் மூச்சு விட்டனர். இரு பிரிவினருக்கும் இடையே மன அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அமைதியாக அமர்ந்து ஓய்வெடுப்பதும் மூச்சைக் கவனிப்பதுமே பயனில் ஒரு பங்கைத் தருகின்றன என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம்.

நலவாழ்வுத் திட்டங்கள் பற்றியவை

திட்டங்களில் சேர்வோரையும் சேராதோரையும் வெறுமனே ஒப்பிட்டால், சேர்வோர் நலமாக இருப்பதாகவே தெரியும். ஆனால் ஏற்கனவே நலமாக இருப்போரே இவற்றில் மிகுதியாகச் சேர்கின்றனர். ஏறத்தாழ 5,000 ஊழியரை உட்படுத்தி 2019-இல் வெளியான இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. அதே ஆண்டு வெளியான, 32,974 வணிக நிறுவன ஊழியரை உட்படுத்திய ஆய்வில், உடற்பயிற்சி செய்வதாகக் கூறியோர் தொகை கூடியது. எனினும் குருதி அழுத்தம் முதலிய மருத்துவ அளவுகளிலும் விடுப்பு நாட்களிலும் மாற்றம் காணப்படவில்லை. பிரித்தானியாவில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியரை ஆராய்ந்து வில்லியம் பிளெமிங் 2024-இல் வெளியிட்ட கட்டுரையும், தனிமனிதரை நோக்கிய திட்டங்களில் பங்கேற்றோர் பங்கேற்காதோரை விட நலமாக இல்லை என்றே கூறுகிறது.

பணிச்சூழலை மாற்றும் முயற்சிகள் வேறு வகையான முடிவுகளைத் தந்துள்ளன. பெங்களூர் ஆடை ஆலைகளில் வெப்பம் குறைவாக வெளியிடும் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்ட பின், வெப்பம் மிகுந்த நாட்களில் உற்பத்தித் திறன் வீழ்வது குறைந்தது என அச்யுத அத்வர்யு குழுவினர் கண்டறிந்தனர். இந்திய ஆடை ஆலைகளில் அவரது குழு செய்த மற்றோர் ஆய்வில், ஏமாற்றமளித்த ஊதிய உயர்விற்குப் பின் தொழிலாளருள் ஒரு பகுதியினரிடம் பெயர் குறிப்பிடாமல் கருத்துக் கேட்கப்பட்டது. அவ்வாறு கேட்கப்பட்டோர் வேலையை விட்டு விலகுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

வழித்தடத்தில் நிகழ்ந்தவை

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, ரெனால்ட்-நிசான் ஆலைத் தொழிலாளர் சங்கம் வரிசையில் போதிய இடைவெளி இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. அரசு அதிகாரிகள் ஆலையைப் பார்வையிட வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. இங்கு மூச்சு என்பது பயிற்சிக்குரிய பொருளாக அன்றி, பக்கத்தில் நிற்பவரிடமிருந்து நோய் தொற்றும் வழியாக இருந்தது.

2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணியாற்றுவோரின் நிலை தெரியாத அச்சத்தில், டிசம்பர் 17 இரவு தொடங்கிப் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்ப இல்லை என ஆப்பிள் நிறுவனம் அறிவித்து, ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று உற்பத்தி படிப்படியாக மீண்டும் தொடங்கியது. பின்னர், 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கத்தக்க சிப்காட் குடியிருப்பு வளாகம் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது.

2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் நடைபெற்றது. ஊதியம், பணி நேரம் ஆகியவற்றுடன் சங்கத்தை ஏற்றல் அதன் முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது.

இம்மூன்றிலும் தொழிலாளர் கேட்டவை இடைவெளி, தூய உணவு, உறங்கத் தக்க இடம், தம் குரலுக்குச் செவிசாய்த்தல் ஆகியனவாகும்.

சட்ட ஏற்பாடுகள்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காமல் குறைந்தது அரை மணி நேர ஓய்வு அளித்தல், மிகைநேரப் பணிக்கு இரு மடங்கு ஊதியம் ஆகியவற்றை விதித்திருந்தது. பணி நேரத்தை 12 மணி வரை நெகிழ்த்த வழிசெய்த தமிழ்நாட்டுத் திருத்த முன்வரைவு 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. மேற்கண்ட 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் உணவகம், 250 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்தில் நல அலுவலர், குறிப்பிட்ட வகையினருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை ஆகியன இதன் ஏற்பாடுகளுள் சில.

தமிழ்நாடு அரசு 2024 ஜனவரியில் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, குருதி அழுத்தமும் நீரிழிவும் பணியிடத்திலேயே பரிசோதிக்கப்படுகின்றன. உளநல உதவிக்கு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

எளிய பயிற்சி முறை

1. முதுகு நிமிர்ந்து, தோள்களைத் தளர்த்தி அமரவும். இருக்கை இல்லையெனில் சுவரில் சாய்ந்து நிற்கலாம்.
2. ஒரு கையை வயிற்றின் மேல் வைக்கவும். மூச்சை இழுக்கும்போது வயிறு முன்னே வர வேண்டும். இது உதரவிதானம் இயங்குவதைக் காட்டும்.
3. மனத்துள் நான்கு எண்ணும் வரை மூக்கின் வழியே மெதுவாக இழுக்கவும்.
4. ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிடவும். மூச்சை அடக்கத் தேவையில்லை.
5. இவ்வாறு ஐந்து நிமிடம் செய்யவும். தலை சுற்றினால் நிறுத்தி, இயல்பாக மூச்சு விடவும்.

எண்ணிக்கை ஒரு வழிகாட்டியே. மூச்சுத் திணறல் ஏற்பட்டால் மூன்றும் நான்குமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கைகள்

இயந்திரத்தை இயக்கும்போதோ உயரத்தில் நிற்கும்போதோ இப்பயிற்சியைச் செய்தல் கூடாது. வண்ணப்பூச்சு, கரைப்பான், பற்றவைப்புப் புகை உள்ள இடங்களிலும் தவிர்க்க வேண்டும். அங்குத் தேவை தூய காற்றும் தக்க மூச்சுக் காப்பு முகமூடியும் ஆகும். இதய நோய், உயர் குருதி அழுத்தம், கடும் ஆஸ்துமா உடையோரும் கருவுற்றோரும் மூச்சை நெடுநேரம் அடக்கும் பயிற்சிகளையும் விரைவு மூச்சுப் பயிற்சிகளையும் மருத்துவரைக் கேளாமல் செய்தல் கூடாது. வெப்பத்தால் ஏற்படும் மயக்கம், நெஞ்சு வலி, மூச்சடைப்பு ஆகியவற்றிற்கு மூச்சுப் பயிற்சி மருத்துவம் அன்று. உடனடி மருத்துவ உதவி தேவை.

மதிப்பீடு

எட்டு மணி நேரப் பணி 480 நிமிடங்களைக் கொண்டது. ஐந்து நிமிடப் பயிற்சி அதில் நூற்றில் ஒரு பங்கு அளவே ஆகும். அப்பங்கால் ஒரு நன்மை உண்டு. எஞ்சிய 99 பங்கை அது ஈடுசெய்யாது. உலக நலவாழ்வு அமைப்பு 2022-இல் வெளியிட்ட பணியிட உளநல வழிகாட்டுதல்களும் பணிச்சூழலை மாற்றுதல், மேலாளர்களுக்குப் பயிற்சி அளித்தல், தனிமனிதருக்குத் துணைபுரிதல் ஆகிய மூன்றையும் சேர்த்தே பரிந்துரைக்கின்றன.

ஒரு நலவாழ்வுத் திட்டத்தை மதிப்பிடப் பின்வரும் வினாக்கள் உதவும்.

* பயிற்சி ஊதியம் பெறும் பணி நேரத்திற்குள் நடைபெறுகிறதா, அல்லது உணவு இடைவேளையை எடுத்துக்கொள்கிறதா?
* ஒப்பந்தத் தொழிலாளரும் பயிலுநரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளனரா?
* பங்கேற்பது விருப்பத்திற்கு உட்பட்டதா?
* பரிசோதனை முடிவுகளும் ஆலோசனையில் பேசப்பட்டவையும் மேலாளரிடம் செல்லாமல் காக்கப்படுகின்றனவா?
* தொழிலாளர் கூறிய குறைகளின் விளைவாகப் பணியிடத்தில் ஏதேனும் மாற்றப்பட்டுள்ளதா?

இவ்வினாக்களுக்கு நிறைவான விடை கிடைக்கும் இடத்தில், மூச்சுப் பயிற்சி நல்லதொரு துணையாக அமையும். விடை கிடைக்காத இடத்திலும் தனி ஒருவர் அதைத் தமக்காகச் செய்து பயன் பெறலாம். ஆனால் அப்பயிற்சியைக் காட்டிப் பணிச்சூழல் சீரடைந்துவிட்டதாகக் கருத இயலாது.

இவற்றையும் பார்க்க

* பிராணாயாமம்
* தானியங்கு நரம்பு மண்டலம்
* தொழிற்சங்கம்
* திருப்பெரும்புதூர்
* சிப்காட்